ரெண்டாவது மாடி, பட்டு செக்‌ஷன்

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. ஒன்று இரண்டு இல்லை, ஏழெட்டு ஜோடி இருக்கும்.

நான் ஹாலில் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, பீரோவில் இருந்த என் பட்டுப் புடவைகளை எல்லாம் அதன்மேல் பரப்பி வைத்திருந்தேன். பட்டை வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் விட்டால் மடிப்போடு இற்றுப்போகும். அவ்வப்போது பிரித்து, காற்றாட விட்டு, வேறு மாதிரி மடிக்க வேண்டும். காற்றுக்காகத்தான் வாசல் கதவைத் திறந்து வைத்திருந்தேன். நைட்டியில் இருந்தேன், தோளில் ஒரு துண்டு. பதினோரு மணிக்கு நம் வீட்டுக்கு யார் வரப்போகிறார்கள் என்ற தைரியம்தான்.

வந்தார்கள். முதலில் ஒரு பெரிய மீசைக்காரர். பின்னால் மல்லிகைப்பூ வாசனையோடு நாலைந்து பெண்கள், நடுவில் ஒரு சின்னப் பெண். அவள் உள்ளே கால் வைத்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, கல்யாணப் பெண். இதில் மட்டும் என் கண் தப்பாது.

கேளுங்கள் கூத்தை. "யாருங்க நீங்க?" என்றுதானே எந்த வீட்டுக்காரியும் கேட்பாள்? என் வாய் என்னைக் கேட்காமல் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"வாங்க, வாங்கம்மா, உக்காருங்க. முகூர்த்தமா, நிச்சயதார்த்தமா?"

"முகூர்த்தம்தாங்க" என்றார் மீசைக்காரர். எல்லாரும் வேட்டியைச் சுற்றிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு அம்மா உட்கார்ந்த கையோடு, என் மகள் கல்யாணத்துக்கு நான் கட்டிய புடவையை எடுத்து, ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பார்த்து, "இது என்ன விலை வருங்க?" என்று கேட்டார்.

மீசைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். டிவி, ஃபிரிட்ஜ், சுவரில் வேளாங்கண்ணி மாதா படம், கொடியில் காயும் என் பாவாடை.

"என்னங்க, கடை ரொம்பச் சுருங்கிப்போச்சு?" என்றார்.

நாலு மாடிக் கடை

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதல்முறையாகப் படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் லூர்து மேரி. நான் குடியிருக்கிற இந்த அபார்ட்மெண்ட், ஒரு காலத்தில் திருச்சிக்கே பெரிய கடை. பெயரைச் சொன்னால் முதலாளி வீட்டுப் பிள்ளைகள் கோபித்துக்கொள்வார்கள். ஊரில் எல்லாரும் சொன்னதுபோல நாலு மாடிக் கடை என்றே நானும் சொல்கிறேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மலைக்கோட்டைப் பக்கம் நடந்தால், உச்சிப்பிள்ளையாருக்கு அடுத்து கண்ணில் படுகிற உயரமான சமாச்சாரம் அப்போது இதுதான்.

குண்டூசியிலிருந்து கட்டில் வரைக்கும் ஒரே கூரையின் கீழ். தரைத்தளத்தில் பாத்திரமும் பொம்மையும் பவுடரும். முதல் மாடியில் ரெடிமேடும் சட்டைத் துணியும். மூன்றாவது மாடியில் பீரோ, கட்டில், கிரைண்டர். நடுவில், ரெண்டாவது மாடி முழுக்கப் பட்டு. நான் அங்கேதான் விற்பனைப் பெண்ணாகச் சேர்ந்தேன், செக்‌ஷன் இன்சார்ஜாக வெளியே வந்தேன். இடையில் போனது என் வயசு.

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் ஒரு வாசனை வரும். புதுத்துணிக் கஞ்சி, பாச்சை உருண்டை, முதலாளி ஏற்றி வைத்த சாம்பிராணி, மூன்றும் கலந்த வாசனை. இன்றைக்கும் எந்தக் கடையில் நுழைந்தாலும் மூக்கு அதைத்தான் தேடுகிறது. இப்போது எல்லாக் கடையிலும் ஏசி வாசனைதான், போங்கள்.

எங்கள் கடை லிஃப்டில் ஏறவே ஜனங்கள் வருவார்கள். முசிறியிலிருந்தும் துறையூரிலிருந்தும் வந்தவர்கள் ஒரு சோப்புப் பெட்டி வாங்கிக்கொண்டு, நாலு மாடியும் ஏறி இறங்கிவிட்டுத்தான் போவார்கள். லிஃப்ட் கிளம்பும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு "ஐயோ சாமி" என்பார்கள். லிஃப்ட்மேன் அண்ணன் சிரிக்கவே மாட்டார். ஏரோப்ளேன் ஓட்டுகிற மாதிரி நிற்பார்.

வைகுண்ட ஏகாதசி வந்துவிட்டால் ஸ்ரீரங்கத்துக் கூட்டம் அப்படியே ஆற்றைத் தாண்டி எங்கள் மாடிக்கு வந்துவிடும். ஸ்ரீரங்கத்து மாமிகளுக்கு ஒன்பது கஜம் காட்டுவது தனி அனுபவம். "இதப் பாருடிம்மா, தாயாருக்குச் சாத்தினாப்ல இருக்கணும், ஆனா ஆடம்பரமா இருக்கப்படாது" என்பார்கள். என்னத்தைக் காட்டுவது? காட்டியிருக்கிறேன். வாங்காமல் ஒரு மாமியும் என் செக்‌ஷனிலிருந்து இறங்கியதில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன், பணிவுக்குச் சொல்லவில்லை.

இடிப்பார்கள் என்றார்கள்

கடை மூடியது எல்லாக் கடையும் மூடுகிற மாதிரிதான். பெரிய முதலாளி போனார், பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் இழுத்தார்கள், பக்கத்திலேயே கண்ணாடி மாளிகை மாதிரி புதுக் கடைகள் வந்தன. ஒரு ஆடி மாதம் தள்ளுபடி போர்டு மாட்டினோம், அந்தப் போர்டைக் கழற்றவே இல்லை.

பல வருஷம் கட்டடம் பூட்டிக் கிடந்தது. நான் பஸ்ஸில் போகும்போது அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன். ஜன்னலில் புறா குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும். ஒரு பில்டர் வாங்கிவிட்டார், இடிக்கப் போகிறார் என்றார்கள். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் கேளுங்கள். பில்டர் கூட்டி வந்த இஞ்சினியர்கள் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், தூணைத் துளை போட்டுப் பார்த்தார்கள், கடைசியில் "இதை இடிக்கிறது பாவம் சார், இன்னும் ரெண்டு தலைமுறை நிக்கும்" என்று சொல்லிவிட்டார்களாம். எங்கள் முதலாளியின் அப்பா கட்டினது அப்படி. சட்டைத் துணி அளந்து கொடுப்பதில் கொஞ்சம் முன்னே பின்னே இருப்பார் மனுஷன். கட்டடத்தில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணவில்லை.

ஆக, இடிக்காமல் உள்ளே தடுத்து, மேல்மாடிகளை வீடுகளாக்கினார்கள். கீழே மட்டும் ஒரு மருந்துக்கடையும் செல்போன் கடையும். மொசைக் போட்ட பெரிய மாடிப்படியை அப்படியே விட்டார்கள். கட்டடத்தின் நெற்றியில் சிமெண்டில் செதுக்கியிருந்த கடையின் பெயரையும் விட்டார்கள். விட்டதோடு இல்லை, அதைச் சுற்றி லைட்டும் போட்டார்கள். பேர் பெற்ற கட்டடம், பேரை எடுத்தால் வீடு விற்காது என்பது பில்டரின் கணக்கு. 'அபார்ட்மெண்ட்ஸ்' என்பதை மட்டும் கீழே சின்னதாக எழுதினார்கள். இந்தச் சின்ன எழுத்துதான் பின்னால் பெரிய வம்பு பண்ணியது.

வீடு விற்பனைக்கு என்று கேள்விப்பட்ட அன்றைக்கே போனேன். எடமலைப்பட்டி புதூரில் என் வீட்டுக்காரர் கட்டின சின்ன வீடு ஒன்று இருந்தது. அதை விற்று, என் மகளும் கொஞ்சம் கைகொடுத்து, துணிந்துவிட்டேன்.

ஆபீஸில் டை கட்டிய பையன், "மேடம், உங்களுக்கு எந்த ஃபேசிங் வேணும்?" என்று கேட்டான்.

"பட்டு செக்‌ஷன்" என்றேன்.

பாவம், முழித்தான். பிளானைக் கையில் வாங்கினேன். எங்கள் செக்‌ஷன் நடுவில் ஒரு உருண்டைத் தூண் உண்டு. சுற்றிலும் ஆளுயரக் கண்ணாடி பதித்திருக்கும். புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லாரும் அதில்தான் பார்ப்பார்கள். பிளானில் ஒரு வீட்டின் ஹாலில் மட்டும் நட்டநடுவே ஒரு வட்டம் போட்டிருந்தது. மாடிப்படி ஏறியதும் முதல் வீடு. ஹாலில் தூண் இடிக்கிறது என்று யாருமே கேட்காத வீடு.

"இதுதான்" என்றேன். "தூண் இருக்கே மேடம்" என்றான். "அதுக்குத்தாண்டா தம்பி" என்றேன்.

யாரிடமும் கைகட்டி நின்று வாங்கவில்லை. சம்பளக்காரியாக ஏறின படியில் வீட்டுக்காரியாக ஏறினேன். என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பார். அவர் எங்கள் மகள் நடக்கப் பழகும் முன்பே காய்ச்சலில் போய்விட்டார்.

இல்லாத கடை

இப்போது அந்த மீசைக்காரரை விட்ட இடத்துக்கு வருவோம். பாவம், கடை சுருங்கிவிட்டதே என்ற கவலையில் உட்கார்ந்திருக்கிறார்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க" என்றேன். "இது கடை இல்லீங்க. வீடு. கடை மூடி ரொம்ப வருஷம் ஆச்சு. இதெல்லாம் என் புடவை."

விலை கேட்ட அம்மா என் புடவையைச் சுடுபாத்திரம் மாதிரி கீழே வைத்தார்.

அவர் பெயர் பாக்கியம், பெண்ணுக்கு அம்மா. பூர்வீகம் திருவெள்ளறை. வீட்டுக்காரர் வேலையாக ஓசூருக்குப் போய், பல வருஷமாக அங்கேயே இருக்கிறார்கள். பாக்கியத்துக்கும் அவர் அக்கா தங்கைகளுக்கும் முகூர்த்தப் புடவை எடுத்தது இந்த ரெண்டாவது மாடியில். பெண் ரேவதிக்கும் இங்கேதான் எடுக்க வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றிருக்கிறார். "கடை இருக்கா?" என்று போனில் கேட்டது தம்பியிடம். தம்பி இந்த மீசைக்காரர்தான். கத்திரிக்காய் மூட்டையை ஏற்றிக்கொண்டு விடிவதற்கு முன்னால் காந்தி மார்க்கெட்டுக்குப் போகிறவர். இருட்டில் பெயர் மட்டும் ஜொலிக்கும். "இருக்காவா? லைட்டெல்லாம் போட்டு ஜோரா இருக்குக்கா" என்று சொல்லிவிட்டார். கீழே இருக்கும் சின்ன எழுத்தை எந்த மகராசன் படிக்கிறான்?

வாட்ச்மேனாவது தடுத்திருக்கலாம். எங்கே என்று கேட்டதற்கு "ரெண்டாவது மாடிக்கு" என்று சொல்லியிருக்கிறார்கள். பூவும் பட்டுமாக வருகிறார்களே, மேரியம்மா வீட்டு விசேஷம் போல என்று அவரே லிஃப்டைத் திறந்து ஏற்றிவிட்டார்.

சிரிக்கலாம்தான். ஆனால் அந்த ஹாலில் சிரிக்கிற நிலைமை இல்லை. கூட்டத்தில் ஒரு வயதான அம்மா இருந்தார். நெற்றியில் திருநீறு மட்டும், கையில் ஒரு மஞ்சள் பை. எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை, பெயர் அஞ்சலை. மாப்பிள்ளை வீடு லால்குடிப் பக்கம்.

அந்த அம்மா மெதுவாக எழுந்தார்.

"முகூர்த்தப் புடவை எடுக்க, மூடுன கடைக்கா கூட்டியாந்தீங்க?" என்றார் பாக்கியத்திடம். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "எந்திரிங்க. இன்னைக்கு வேணாம். வீட்டுக்குப் போய் யோசிச்சுக்கலாம்."

யோசிக்கலாம் என்ற வார்த்தைக்குக் கல்யாண விஷயத்தில் என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதே தரையில் அந்த வார்த்தையோடு எழுந்துபோன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ரேவதி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் கோத்துவிட்டது, துடைக்கவும் இல்லை.

எனக்கு வந்ததே கோபம்! யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. என் மாடியிலிருந்து ஒரு கல்யாணப் பெண் அழுதுகொண்டு இறங்குவதா?

சரக்கு கீழே இருக்கு

"அம்மா, ஒரு நிமிஷம் உக்காருங்க" என்றேன் அத்தையிடம். "கடை மூடிடுச்சுன்னு நான்தான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். செக்‌ஷன் இங்கதான் இருக்கு. செக்‌ஷன் இன்சார்ஜ் நான்தான். சரக்கு மட்டும் கீழ இருக்கு. ஒரு காப்பி குடிக்கிற நேரம் குடுங்க, மேல வந்துடும்."

"வீட்டுல வெச்சுப் புடவை விப்பீங்களா?"

"விக்கிறது நான் இல்லீங்க. காட்டுறது நான். பிடிச்சா எடுங்க. பிடிக்கலேன்னா காப்பி குடிச்சதா இருக்கட்டும்."

ஜமாலுக்குப் போன் போட்டேன். என் செக்‌ஷனில் எனக்கு அசிஸ்டெண்டாக இருந்தவன். இப்போது தெருக்கோடியில் ஒரு பட்டுக் கடையில் மேனேஜர். "ஜமாலு, முகூர்த்தம் பார்ட்டி. அரக்கு, சிவப்பு, மாம்பழக் கலர், நல்ல கோர்வை பார்டரா பாத்து எடுத்துக்கிட்டு நம்ம செக்‌ஷனுக்கு வா" என்றேன்.

"எந்த செக்‌ஷனுக்குக்கா?" என்றான் குழம்பிப்போய்.

"நம்ம செக்‌ஷன்டா! ரெண்டாவது மாடி."

"இன்ஷா அல்லா, இதோ வந்துட்டேங்க்கா" என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது.

காப்பி போட உள்ளே போனபோது பாக்கியம் பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவங்க கெட்டவங்க இல்லீங்க. பையனுக்கு அம்மா இல்ல, அத்தைதான் வளத்தாங்க. அவங்களுக்கு சின்ன வயசுலயே புருசன் போயிட்டாரு. புடவை எடுக்க வரவே மாட்டேன்னாங்க. அத்தை வராம புடவை எடுக்கக் கூடாதுன்னு மாப்பிள்ளை ஒத்தக்கால்ல நின்னுட்டாரு. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா இவ வந்து எடுத்த புடவைதானேம்பாங்க, பழி என் தலையிலதான் விழும்னு பஸ் ஸ்டாண்டுலேர்ந்து சொல்லிக்கிட்டே வந்தாங்க. வந்த இடத்துல இப்படி ஆயிடுச்சே. நான் என்னங்க பண்ணுவேன்?"

எனக்குச் சுரீரென்றது. அந்த அம்மாவின் மேல் இருந்த கோபமெல்லாம் அடுப்படியிலேயே போய்விட்டது. சர்க்கரையைத் தாராளமாகப் போட்டுக் காப்பியைக் கொண்டுபோய் முதலில் அவர் கையில்தான் கொடுத்தேன்.

ஜமால் வந்தான். வெள்ளைத் துணி மூட்டையைத் தானே தோளில் சுமந்து வந்திருந்தான். மேனேஜர் சட்டையெல்லாம் கசங்கிப்போயிருந்தது. வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவன், தூணைப் பார்த்து அப்படியே நின்றான். "கண்ணாடி எங்கக்கா?" என்றான். "அது கிடக்கட்டும், மூட்டையைப் பிரி" என்றேன்.

அப்புறம் நடந்ததை எழுத எனக்குக் கை பரபரக்கிறது. அவன் எடுத்து வீச, நான் பிடித்து விரிக்க, பட்டு காற்றில் பறந்து விழுகிற அந்தச் சத்தம் இருக்கிறதே! எத்தனை வருஷம் ஆயிற்று. ஹால் முழுக்கப் புடவை. கஞ்சி வாசனை. முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

இந்த நேரம் பார்த்து எங்கள் குடியிருப்போர் சங்கத்துச் செக்ரட்டரி வந்து நின்றார். ரிடையர்டு ஆபீசர். மேல்மாடியில் இட்லி மாவு விற்ற அம்மாவுக்கே எச்சரிக்கை கொடுத்த மனுஷன்.

"மேரியம்மா, என்ன இது? ரெசிடென்ஷியல் பில்டிங்ல பிசினஸ் பண்ணப்படாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"சார், கல்யாண வீட்டுக்காரங்க. அந்தப் பக்கமா உக்காருங்க, புடவையை மிதிச்சுடாதீங்க" என்றேன். செக்‌ஷன் இன்சார்ஜ் குரலில் சொன்னேன் போலிருக்கிறது, மனுஷன் உட்கார்ந்துவிட்டார்.

அவரைச் சாப்பிடக் கூப்பிட வந்தார் அவர் வீட்டு மாமி. ஸ்ரீரங்கத்து உத்தர வீதியிலிருந்து குடிவந்தவர்கள். "ஏன்னா, ரசம் ஆறிப்போறது" என்று உள்ளே எட்டிப் பார்த்தவர், ரசத்தை மறந்துவிட்டுப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பாக்கியம் சிவப்பைப் பார்த்தார். அத்தை அரக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எங்கேயாவது இழை விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா என்று. இருந்தால் எழுந்துவிடுவார், எனக்குத் தெரியும். நான் யாரையும் பார்க்கவில்லை. ரேவதியின் கையைத்தான் பார்த்தேன். கல்யாணப் பெண் வாயைத் திறக்க மாட்டாள், கை மட்டும் பிடித்த புடவைக்கு இரண்டாம் தடவை போகும். போயிற்று. மாம்பழக் கலர், அரக்கு பார்டர்.

அதை எடுத்து, நைட்டிக்கு மேலேயே கொசுவி, முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு சுற்று சுற்றினேன். துண்டு கீழே விழுந்தது. மாமி "பேஷ், சித்த நில்லுங்கோ மேரியம்மா, கல்யாணப் பொண்ணு நீங்கதான்னு நெனைச்சுடப் போறா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அத்தையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அதை அவ மேல போட்டுக் காட்டுங்க" என்றார் சிரிப்பை அடக்கிக்கொண்டு. ரேவதியின் தோளில் போட்டேன். அத்தை ரொம்ப நேரம் பார்த்தார். முந்தானையைக் கொஞ்சம் சரிசெய்தார்.

"நல்லா இருக்கு. இதுவே இருக்கட்டும்."

பாக்கியம் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

தட்டு

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. முகூர்த்தப் புடவை முடிவானதும் பையில் போட்டுக் கொடுக்க மாட்டோம். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், பூ வைத்து, அதன்மேல் புடவையை வைத்து, பெண்ணின் கையில் கொடுப்போம். செக்‌ஷனே எழுந்து நிற்கும். கொடுப்பது சுமங்கலியாக இருக்க வேண்டும். எப்போதும் என்னோடு வேலை பார்த்த சரோஜாதான் கொடுப்பாள்.

புடவையை எடுப்பது நான், விரிப்பது நான், நாள் முழுக்கப் பேசி முடிப்பது நான். தட்டு வரும்போது தூணுக்குப் பின்னால் போய்விடுவேன். போ என்று யாரும் சொன்னதில்லை. முதல் தடவை பெரிய முதலாளி கண்ணைக் காட்டினார், அவ்வளவுதான். அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஜனங்களின் நம்பிக்கை மேல்தான் வியாபாரம் நடந்தது. எங்கள் மாதா கோயிலில் இந்த வித்தியாசமெல்லாம் பார்ப்பதில்லை. ஆனால் வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஒவ்வொரு தடவையும் வலித்தது.

அன்றைக்கும் மாமி தன் வீட்டிலிருந்து மஞ்சள், குங்குமம், வெற்றிலை எல்லாம் கொண்டுவந்தார். என் வீட்டுத் தாம்பாளத்தில் புடவையை வைத்து, "மாமி, நீங்க குடுங்க" என்று அவர் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தேன்.

"நீங்க குடுங்கம்மா" என்றது ஒரு குரல். ரேவதி. வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை.

"மாமி குடுப்பாங்க கண்ணு. அதுதான் முறை."

"நீங்கதானே எனக்கு எடுத்துக் குடுத்தீங்க? நீங்களே குடுங்க."

என்னால் மழுப்ப முடியவில்லை. அத்தை எதிரில் உட்கார்ந்திருக்கிறார். நெற்றி வெறுமையாக இருப்பதை, வேதக்காரம்மா, பொட்டு வைக்க மாட்டாள் என்று அவர் நினைத்திருக்கலாம். சொல்லாமல் கொடுத்து, நாளைக்கு அவருக்குத் தெரிந்தால்? இவ்வளவு நேரம் பாடுபட்டதெல்லாம் இந்த ஒரு தட்டில் போய்விடும்.

"நான் வீட்டுக்காரர் இல்லாதவ, கண்ணு" என்றேன்.

பாக்கியம் கண்ணை மூடிக்கொண்டார். ஜமால் மூட்டை கட்டுவதை நிறுத்திவிட்டான். எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள்.

அவர் என்னைப் பார்த்தார். "எத்தனை வருஷமா இந்த வேலை பாத்தே?" என்றார். அதுவரை நீங்க என்று பேசியவர்.

"இருபது வயசுலேர்ந்தும்மா."

"ஒரு தரமாச்சும் தட்டைத் தொட்டிருக்கியா?"

"இல்லைம்மா."

அவர் மாமியின் கையிலிருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தார். போகப்போகிறார் என்றுதான் நினைத்தேன். நேராக மாமியிடம் போனார். மாமி தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டார்.

"நானும் தொட்டதில்ல" என்றார் அத்தை. "என் தம்பி மகனைப் பெத்தவ இல்ல, வளத்தவ. அவன் நிச்சயதார்த்தத்துலகூட நான் பின்னாலதான் நின்னேன்." என் பக்கம் திரும்பினார். "உன் வீட்டுல நீ குடுக்காம வேற யாரு குடுக்குறது? வா இங்க. நீ அந்தப் பக்கம் பிடி. நான் இந்தப் பக்கம் பிடிக்கிறேன். பழி வந்தா ரெண்டு பேருக்கும் சேந்து வரட்டும்."

பிடித்தேன். ரேவதி எங்கள் இரண்டு பேர் காலிலும் விழுந்து எழுந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். செக்ரட்டரி சார் உட்பட எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். யார் நிற்கச் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

இந்த மாடியில் நான் விற்ற முகூர்த்தப் புடவைகளுக்குக் கணக்கே கிடையாது. என் கையால் கொடுத்தது அது ஒன்றுதான்.